மேனேஜர் மோந்து பார்த்த பாக்கெட்

மேனேஜருக்கு நாலு மணிக்கு ஊசி என்று பலகையில் எழுதியிருந்தது. இப்போது மணி இரண்டே கால்.

மேனேஜர் என்பது ஒரு நாய். பழுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். நேற்றுக் காலை பதினோரு மணிக்குத் தன் எஜமானரான மேஜிக்காரரின் தொண்டையைக் கிழித்துக் கொன்றுவிட்டது என்று போலீஸ் எழுதிக் கையெழுத்தும் போட்டு, ஊசியிலேயே அதன் கதையை முடிக்கச் சொல்லிப் பிராணிகள் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டது. மோவாயிலும் மார்பிலும் ரத்தம் காய்ந்து பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவிவிட அங்கே ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

துப்பறிகிறவருக்கு ஊருக்குள் நிதானம் என்று பெயர். பஸ் கிளம்பிவிட்டால் ஓடமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அவருடைய உதவியாளன் அவர் மனைவியின் தம்பி. விளம்பரம் கொடுத்துப் பிடித்த ஆள் இல்லை, கல்யாணத்தோடு வந்து சேர்ந்தவன். அதனால் கமிஷனர் வரைக்கும் அவனை மச்சினன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடச் சொல்லி அவனுக்கு யார் சொன்னாலும் பலிக்காது. ஆனால் அந்தக் கூண்டைப் பார்த்ததும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அவர்களை வரவழைத்தவள் செத்தவரின் மகள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். நேற்று அவளுக்கு வந்த அழைப்பில் சொன்ன முகவரியே அப்பாவுடையதுதான். சைரன் போட்டுக்கொண்டு போய், அப்பாவின் கழுத்தில் துணியை அழுத்திப் பிடித்து, துணி நனைந்து கை நனைந்து முழங்கை வரைக்கும் நனைந்த பிறகுதான் விட்டிருக்கிறாள். அதே சீருடையில்தான் இன்றைக்கும் நின்றாள். துவைத்தும் கறை போகவில்லை.

"சார், நாய் கடிச்சவங்களை வாரத்துக்கு மூணு பேரையாவது நான் தூக்கிட்டுப் போறேன்," என்றாள். "நாய்னா கவ்விப் பிடிச்சு உதறும். அப்பா கழுத்துல அப்படி இல்ல. மேல இருந்து கீழ, வரிசையா உழுத மாதிரி இருந்துச்சு."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அதிர்ச்சியில உளறுறேன்னு தண்ணி குடிக்கச் சொன்னாங்க."

போலீசின் கையில் நேரில் பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். மேஜிக்காரர் வித்தை பழகும் அறைக்கு அடுத்த கதவு சோஃபா தைக்கிற கடை. கடைக்காரர் அலறல் கேட்டு ஓடினாராம். நாய் ஆளைக் கீழே தள்ளித் தொண்டையைக் குதறிக்கொண்டிருந்ததாம். ஸ்டூலை எடுத்து நாயை நாலு சாத்துச் சாத்திப் பிரித்துக் கட்டினாராம். அதில் அவர் கையும் கிழிந்துபோனதாம். நாயென்றாலே நடுங்குகிறவர், அந்த அறைக்குள் அதற்கு முன் காலே வைத்ததில்லை என்றெல்லாம் வாக்குமூலத்தில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் அவரைப் படம்கூட எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

காப்பகத்து டாக்டரம்மாவிடம் நிதானம் ஒன்றே ஒன்று கேட்டார். நாய் உடம்பில் அடிபட்ட வீக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று. தடவிப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்றாள் அவள். அதற்காக உத்தரவை மாற்ற முடியாது, நாலு என்றால் நாலுதான் என்றும் சேர்த்துச் சொன்னாள். கெட்டவள் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த ஊசியைப் போடுகிறவள் அப்படித்தான் பேசியாக வேண்டும்.

"இதுக்கு ஏன் மேனேஜர்னு பேர்?" என்று மகளிடம் கேட்டார் நிதானம்.

அவள் அப்பா எந்த வித்தையையும் முதலில் நாய்க்குத்தான் காட்டுவாராம். மனுஷனைப் பேச்சிலேயே ஏமாற்றிவிடலாம், நாய்க்குப் பேச்சு ஏறாது, அது ஏமாந்தால்தான் வித்தை தேறியது என்று அர்த்தம் என்பாராம். மேனேஜர் சம்மதம் இல்லாமல் எதுவும் மேடைக்குப் போகாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம்.

நிதானம் திரும்பி, "மாப்ளே, உனக்கு ஒரு வித்தை தெரியுமே," என்றார்.

மச்சினனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கல்லூரியில் ஒரு பெண்ணை அசத்துவதற்காகக் கற்றுக்கொண்டது. அந்தப் பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், வித்தை மட்டும் கையோடு தங்கிவிட்டது. ஒரு பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து, மூடி, ஊதி, விரித்தால் பிஸ்கட் இருக்காது. அது சட்டைக் கைக்குள் போயிருக்கும்.

முதலில் மற்ற கூண்டுகளில் காட்டச் சொன்னார். கறுப்பு நாய் காலியான கையைப் பார்த்தது, அப்புறம் நேராக அவன் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்து பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது நாய் தரையெல்லாம் தேடியது. மூன்றாவது, ஏதோ தன் சொத்தையே எழுதி வாங்கிவிட்ட மாதிரி அவனைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தது. மேஜைமேல் படுத்திருந்த காப்பகத்துப் பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"அந்தப் பொண்ணும் இதேதான் பண்ணா மாமா," என்றான் மச்சினன்.

பிறகு மேனேஜரை வெளியே விடச் சொன்னார் நிதானம். காப்பகத்தில் நாய் பிடிக்கிறவர் நீளக் கம்பியைத் தயாராக வைத்துக்கொண்டு கூண்டைத் திறந்தார். கம்பி முனையில் சுருக்குக் கயிறு தொங்கியது. மச்சினன் ஓரடி தள்ளியே நின்றான். ஆளைக் கொன்ற நாய் என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்று மேஜிக் காட்டச் சொன்னால் யாரும் தள்ளித்தான் நிற்பார்கள். மூடினான், ஊதினான், விரித்தான்.

மேனேஜர் அவன் கையைப் பார்க்கவில்லை, சட்டைக் கையையும் மோந்து பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. யாரையோ தேடுகிற பார்வை. தேடியவர் கிடைக்கவில்லை போல. பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால் இரண்டையும் நாய் பிடிக்கிறவரின் மார்பில் வைத்து, ரத்தம் காய்ந்த மூஞ்சியை அவர் கழுத்துக்குக் கீழே கொண்டுபோனது.

அந்த மனுஷர் போட்ட கூச்சலில் பூனை மேஜையை விட்டுக் குதித்து ஓடியது.

"பார்த்தீங்களா? தொண்டைக்குத்தான் போகுது," என்றாள் டாக்டரம்மா.

"தொண்டை இல்லம்மா, சட்டைப் பாக்கெட்," என்றார் நிதானம். "நல்லா பாருங்க."

மேனேஜரின் மூக்கு அவர் சட்டைப் பாக்கெட்டுக்குள் இருந்தது. அதில் பீடிக்கட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இறங்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"மத்த நாயெல்லாம் வித்தை காட்டுறவன்கிட்டயும் தரையிலயும்தான் தேடுச்சு. இது மட்டும் பாக்குறவன்கிட்ட தேடுது," என்றார் நிதானம். "டாக்டரம்மா, நாலு மணி வரைக்கும் நாய் உங்க பொறுப்புதானே? நீங்களும் வாங்க, நாயும் வரட்டும்."

மேஜிக்காரர் வித்தை பழகும் அறை சின்னதுதான். மேனேஜரை டாக்டரம்மாவிடமும் கம்பியோடு கூட வந்த நாய் பிடிக்கிறவரிடமும் வாசலிலேயே நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போனார்கள். யாரும் இன்னும் கழுவவில்லை. தரையில் குளம் கட்டிக் காய்ந்திருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்து, கோடு கோடாக வழிந்து நின்றிருந்தது. செத்தவர் தவழ்ந்து கதவுவரை வந்திருக்கிறார், தாழ்ப்பாளுக்குக் கீழே ஐந்து விரலும் பதிந்திருந்தது. மச்சினன் கால் வைக்க இடம் தேடினான்.

உள்ளே சாமான் அறைக்கு ஒரு கதவு. அதன் உட்பக்கம் அடியில் மரம் சிராய் சிராயாகப் பிறாண்டப்பட்டிருந்தது. உடைந்த நகத்துண்டு ஒன்று மரத்தில் குத்திக்கொண்டு நின்றது.

"கொலை நடக்குறப்போ மேனேஜர் இதுக்குள்ள பூட்டிக் கிடந்திருக்கு," என்றார் நிதானம். "எல்லாம் முடிஞ்சப்புறம் எவனோ திறந்து விட்டிருக்கான். எஜமான் கழுத்துல ரத்தத்தைப் பார்த்தா நாய் என்ன செய்யும்? நக்கியிருக்கும்."

மகள் குனிந்து அந்தப் பிறாண்டலை விரலால் தொட்டாள்.

மேடை என்று ஒரு பலகை. அதற்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அறையில் எதுவும் உருப்படியாக இல்லை. திரையில் ஒட்டு, மேஜைக்கால் கம்பி வைத்துக் கட்டியது, கண்ணாடியில் விரிசல். நிதானம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"மாமா, மணி மூணு. நாய்க்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். நீங்க நாற்காலியில ராட்டினம் ஆடுறீங்க."

நிதானம் காதில் வாங்காமல், மேஜிக்காரரின் பேர்போன வித்தை எது என்று கேட்டார். அது மச்சினனுக்கே தெரியும், அக்காவோடு போய்ப் பார்த்திருக்கிறான். கூட்டத்தில் ஒருத்தரிடம் மோதிரம் வாங்கி மறைப்பார். மூன்றாவது வரிசையில் யாரோ சம்பந்தமில்லாத ஆளின் சட்டைப் பாக்கெட்டிலிருந்து அது வரும். அவன் பார்த்த அன்று ஒரு தாடிக்காரர். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டி, புருவம் நெற்றிக்கு ஏற, வாயைப் பிளந்துகொண்டு நின்றாராம். வித்தையைவிட அந்த மூஞ்சிக்குத்தான் கூட்டம் கைதட்டியதாம். மகள் பார்த்தபோது அது கண்ணாடி போட்ட வழுக்கைத்தலையராம்.

"ரெண்டும் ஒரே ஆள்," என்றார் நிதானம். "இந்த நாற்காலியில உட்கார்ந்து பழகினவன். பிஸ்கட் மறையும், அவன் பாக்கெட்டுல வரும். மேனேஜருக்குத் தெரிஞ்ச உலகம் அதுதான்."

மகளுக்கு நம்ப முடியவில்லை. அப்பா தாழ் போட்டுக்கொண்டுதான் பழகுவார், தன்னையே உள்ளே விட்டதில்லை என்றாள். அப்படி ஒரு ஆள் இருந்தால் எந்த ஊரில் தேடுவது என்று மச்சினன் தலையைச் சொறிந்தான். நிதானம் பதில் சொல்லாமல் மூலையில் சுருட்டி வைத்திருந்த போஸ்டர் ஒன்றை விரித்தார். அடுத்த மாத நிகழ்ச்சிக்கு அடித்தது, மை வாசம் கூடப் போகவில்லை. அதில் மேனேஜர் வாயில் மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தது. மறைந்த மோதிரத்தைக் கூட்டத்துக்குள் புகுந்து நாயே கண்டுபிடிக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அதைப் பழையபடி சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த கடை சாட்சியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்றார். நாயும் வரட்டும் என்றார்.

"அந்த ஆள் நாயைக் கண்டாலே நடுங்குவார்னு எழுதியிருக்கு மாமா. பாவம், ஏற்கெனவே கை கிழிஞ்சு கிடக்குறார்."

"நடுங்கட்டும் மாப்ளே."

சோஃபா கடையில் எலும்புக்கூடாக நாலு சோஃபா நின்றன. நாரும் பஞ்சும் முழங்கால் வரை குவிந்திருந்தது. கடைக்காரர் சாந்தமான மனுஷர், ஐம்பது வயதிருக்கும், இடது கையில் கட்டு. வந்தவர்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். மகளைப் பார்த்துக் கண் கலங்கினார். தான் இன்னும் இரண்டு நிமிஷம் முன்னால் ஓடியிருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். மச்சினனுக்கு அவரைப் பிடித்துப்போனது.

பின்னாலேயே மேனேஜர் வந்ததும் அவர் முகம் வெளுத்தது. கட்டுங்க, கட்டுங்க என்று வேலை மேஜைக்குப் பின்னால் போனார். நாய் பிடிக்கிறவர் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை.

நிதானம் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நார் கோதுவதற்கு ஒரு பலகைச் சீப்பு உண்டு. கைப்பிடி வைத்த கட்டையில் ஒரே வரிசையில் பத்து ஆணி அடித்தது. சுத்தியல், கத்திரிக்கோல், குறடு எல்லாவற்றின் பிடியும் கை அழுக்கேறிக் கறுத்துக் கிடக்க, அந்தச் சீப்பு மட்டும் வெள்ளை வெளேரென்று புதுசாக இருந்தது.

"மாப்ளே, இவருக்கு அந்த வித்தையைக் காட்டு," என்றார். "கயித்தை விடுங்க."

மச்சினனுக்கு இது அநியாயம் என்று பட்டது. ஆனாலும் மூடினான், ஊதினான், விரித்தான்.

மேனேஜர் இந்தத் தடவை யாரையும் தேடவில்லை. மகளையும் டாக்டரம்மாவையும் தாண்டி, மேஜையைச் சுற்றிக்கொண்டு, வாலை ஆட்டியபடி ஓடியது. பின்னங்காலில் எழும்பிச் சோஃபாக்காரரின் மார்பில் காலை வைத்து, அவர் முன்னால் கட்டியிருந்த வேலைத் துணியை விலக்கிச் சட்டைப் பாக்கெட்டில் மூக்கை விட்டது.

"இறங்கு," என்றார் அவர். சாதாரணமாகச் சொன்னார். நாய் இறங்கி உட்கார்ந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். பழகிய உடம்பு கேட்கவில்லை. வலது கை தானாகப் போய்ப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டியது. புருவம் நெற்றிக்கு ஏறியது, வாய் பிளந்தது. மூன்றாவது வரிசைத் தாடிக்காரர் தாடியில்லாமல் மச்சினன் எதிரில் நின்றார்.

"இந்த மூஞ்சியை எத்தனை வருஷமா பழகுனீங்க?" என்றார் நிதானம்.

அவர் முகத்தில் அந்த ஆச்சரியம் மெல்ல வடிந்தது. வடிந்த இடத்தில் வந்ததைப் பார்த்து மச்சினன் ஓரடி பின்வாங்கினான்.

"அந்த அறையில எல்லாம் கிழிசல், நீங்க உட்கார்ற நாற்காலி மட்டும் புதுப் பஞ்சு," என்றார் நிதானம். "உட்கார்ந்தவன் தன் கையாலேயே தைச்சுக்கிட்டான். பழைய சீப்பை எங்க போட்டீங்க?"

பதில் புதுச் சீப்பில் வந்தது. பத்து ஆணியும் நிதானத்தின் தோளில் இறங்கிச் சட்டையோடு சதையை இழுத்துக்கொண்டு போனது. அவர் நார்க் குவியலில் விழுந்தார். இரண்டாவது வீச்சு அவர் கழுத்துக்கு. மச்சினன் யோசிக்காமல் கையைக் குறுக்கே நீட்டினான். ஆணிகள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தன. கண்ணில் பொறி பறந்தது. அப்படியே தலையால் அந்த ஆளின் மூக்கில் முட்டினான், எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சோஃபாக்காரர் அவனை இழுத்து மரச்சட்டத்தில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு மச்சினனுக்குக் கால் நிற்கவில்லை.

கண் தெளிந்தபோது அந்த ஆள் மகளின் தலைமுடியைப் பிடித்து, துணி வெட்டும் பெரிய கத்திரியை அவள் கழுத்தில் வைத்திருந்தார். முனை பட்ட இடத்தில் ரத்தம் துளிர்த்தது.

"பன்னெண்டு வருஷம்," என்றார். உடைந்த மூக்கிலிருந்து வாய்க்குள் ரத்தம் வழிந்தது. "பன்னெண்டு வருஷம் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். ஒரே ஒரு தடவை மேடைக்குக் கூப்பிட்டு இவன்தான்னு சொல்லுன்னு கேட்டேன். சிரிச்சான். அடுத்த மாசத்துலேருந்து நீ வேணாம், நாய் போதும்னான். என் இடத்துல நாயை வெச்சான். அதான் ரெண்டையும் சேர்த்து அனுப்பிடலாம்னு பார்த்தேன்."

மேனேஜர் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் குரைத்தது. வாலை இடுக்கிக்கொண்டு குரைத்ததே தவிர, கடிக்கவில்லை. அதற்குக் கடிக்கத் தெரிந்திருந்தால் அன்றைக்குக் கடித்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

சோஃபாக்காரர் வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தார். முன்னால் இருந்த எல்லோரையும் கவனித்தவர் பின்னால் பார்க்கவில்லை. சுருக்குக் கயிறு தலை வழியாக இறங்கிக் கழுத்தில் விழுந்தது. சண்டைக்கு நடுவே வாசல் பக்கம் நழுவியிருந்த நாய் பிடிக்கிறவர் இருபது வருஷப் பழக்கத்தில் கம்பியை ஒரு முறுக்கு முறுக்கித் தரையில் அழுத்தினார். கத்திரி எங்கோ போய் விழுந்தது. மகள் திரும்பி, ஆம்புலன்ஸ் பூட்ஸ் காலால் அவர் விலாவில் உதைத்தாள். மறுபடி உதைத்தாள். டாக்டரம்மா வந்து கட்டிப் பிடித்து இழுக்கும் வரைக்கும் உதைத்துக்கொண்டே இருந்தாள்.

"பொதுவா சங்கிலி போட்டுத்தான் வண்டில ஏத்துவோம்," என்றார் நாய் பிடிக்கிறவர், மூச்சு வாங்க. "இவரையும் அப்படியே ஏத்தவா?"

போலீஸ் வந்து அந்த ஆளைக் கொண்டுபோனபோது நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. டாக்டரம்மா பையிலிருந்து ஊசி மருந்தை எடுத்து வாசல் சாக்கடையில் கொட்டினாள். பதிவேட்டில் மேனேஜருக்கு எதிரே ஒரு கோடு இழுத்தாள்.

நிதானத்தையும் மச்சினனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த மகளின் ஆம்புலன்ஸ்தான். அவளே ஓட்டினாள். பின்னால் டாக்டரம்மா, மச்சினன் கையைத் துணியால் சுற்றி மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். மேனேஜரும் ஏறிக்கொண்டது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நாய் டாக்டர் வைத்தியம் பாக்குறாங்க, நாய் கூட வருது. எங்க அக்காகிட்ட இதை எப்படிச் சொல்றது மாமா?" என்றான் மச்சினன்.

நிதானம் படுத்தபடியே சிரிக்கப் பார்த்தார். தோள் விடவில்லை.

வண்டி திரும்பும்போது மேனேஜர் எழுந்தது. ஸ்ட்ரெச்சரில் காலை வைத்து நிதானத்தின் கிழிந்த சட்டையில் பாக்கெட்டைத் தேடி மூக்கை விட்டது. அப்புறம் டாக்டரம்மாவின் கோட்டுப் பாக்கெட். அப்புறம் மச்சினனிடம் வந்து, அவன் மார்பில் காலை வைத்து எழும்பியது.

"பிஸ்கட் தீர்ந்துபோச்சுப்பா," என்றான் அவன். "நான் இப்ப வித்தை எதுவும் காட்டலியே."

முன்னாலிருந்து மகள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"பிஸ்கட்டைத் தேடல," என்றாள். "அப்பாவைத் தேடுது. காணாமப்போனது எல்லாம் யாராவது ஒருத்தர் பாக்கெட்டுல வந்துரும்னுதானே அதுக்குச் சொல்லிக் கொடுத்து வெச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு அவள் சைரனைப் போட்டாள். அதற்குள் அவள் அழுவது கேட்கவில்லை.

மச்சினன் நல்ல கையால் தன் சட்டைப் பாக்கெட்டை வெளியே இழுத்து, காலி என்று காட்டினான். மேனேஜர் அதை ஓரம் வரைக்கும் நன்றாக மோந்து பார்த்தது. பிறகு இறங்கி, மறுபடியும் நிதானத்திடமிருந்து ஆரம்பித்தது.